பார்க்க வந்தவள்

அந்த வருஷம் மார்ச் மாதத்திலேயே எரிமலை சாம்பல் கொட்ட ஆரம்பித்துவிட்டது. காலையில் கடை திறக்க வந்தால் ஷட்டர் மேல், வாசல்படி மேல், முந்தின நாள் மறந்து வெளியே விட்ட நாற்காலி மேல், எங்கும் கருமணல். துடைப்பமும் கையுமாகத்தான் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சாம்பல் கொட்டினாலும் சரி, ஆப்பிரிக்கப் பக்கமிருந்து அனல் காற்று அடித்தாலும் சரி, எங்கள் ஊர் அச்சிமாரேயில் ஒருவன் இன்னொருவனிடம் கேட்கிற முதல் கேள்வி மாறாது. "சாரோ கடைப் பலகையில இன்னிக்கு என்ன எழுதியிருக்கு?"

என் முடிவெட்டும் கடைக்கு நேர் எதிரே அந்த ஜெலாட்டோ ஐஸ்கிரீம் கடை. வாசலில் ஒரு கரும்பலகை. நேற்று எழுதியிருந்தது இன்று இருக்காது. எலுமிச்சை, பிஸ்தா, பாதாம் என்று எங்கேயும் கிடைக்கிற நாலைந்தை விட்டால், மற்ற தட்டுகளில் தினமும் புதிதாக இரண்டு. காட்டுச் சோம்பும் ஆட்டுப்பால் ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டியும். கருக விட்ட ஆரஞ்சுத் தோல். தக்காளியும் துளசியும். ஒருமுறை வறுத்த ரொட்டித் தூளில் ஒன்று வந்தது. காசு கொடுத்து ரொட்டித் தூளா என்று சிரித்தவர்கள் எல்லாரும் மறுநாள் வந்து அதையே கேட்டார்கள். பலகையில் அது இல்லை. முடிந்தது முடிந்ததுதான். அந்தக் கடையின் கர்வம் அது.

கர்வத்துக்கு முகம் சாரோ. வெள்ளைக் கோட்டு, வாரி எண்ணெய் தடவிய தலை, வரிசையில் நிற்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு வார்த்தை. மிலானிலிருந்து டிவிக்காரர்கள் வந்து எடுத்த படம் கல்லாவுக்கு மேல் சட்டம் போட்டுத் தொங்கியது. "எங்க அப்பா மிக்கேலே கனவுல வந்து சொல்லுவார். நான் எழுந்து செய்வேன்" என்று அந்த டிவி பேட்டியில் சொல்லியிருந்தான்.

கனவு காண்கிறவன் எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததில்லை. காலை ஐந்து மணிக்குப் பின்சந்தில் செருப்புச் சத்தம் கேட்கும். அது அவன் அக்கா தின்தாரா. இருபத்திரண்டு வருஷம் பால் காய்ச்சியதும், பாதாம் வறுத்ததும், இலை ஊறப்போட்டதும், கடைந்ததும் அவள்தான். பத்து மணிவாக்கில் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு என் கடைப் பின்கதவுக்கு வருவாள். கையில் ஒரு கரண்டி.

"நெல்லோ, வாயத் திற."

திறப்பேன்.

"என்ன தெரியுது?"

"எலுமிச்ச."

"மட்டி. எலுமிச்ச இல்ல, எலுமிச்ச இலை. போய் தல வெட்டு."

நான் சொல்வது தப்பாக இருந்தால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் முன்பக்கம் போய் சாரோவிடம், "என்னமா செஞ்சிருக்கே!" என்று சொல்லிவிட்டு வருவோம். நானும் சொல்லியிருக்கிறேன்.  ஏன் என்று அவள் கேட்டதில்லை, நாங்கள் யோசித்ததில்லை.

உள்ளே பால் காய்ச்சும் எவர்சில்வர் கொப்பரை ஒன்று இருந்தது. அதன் அடியிலிருக்கும் குழாய் ஒழுகும். ஒரு வருஷமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். "சாரோ, இந்தக் குழாய் ஒரு நாள் யாரையாவது தின்னப் போகுது" என்று அவள் சொல்வதும், "ஈஸ்டர் முடியட்டும்க்கா" என்று அவன் சொல்வதும் என் கடைவரை கேட்கும். போன ஈஸ்டருக்கும் அதையேதான் சொன்னான்.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்து வியாழக்கிழமை காலை குழாய் தெறித்தது. பாலும் சர்க்கரையும் சேர்ந்த கொதிகுழம்பு தின்தாராவின் இடது கையில் விழுந்தது. தண்ணீர் என்றால் வழிந்து ஓடிவிடும். சர்க்கரைக் குழம்பு ஓடாது, ஒட்டிக்கொண்டு நின்று வேகும். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடவில்லை. வலது கையால் எட்டி அடுப்பை அணைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். ஆறாம் நாள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து பெல்லோமோ என்கிற அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கட்டிலின் தலைமாட்டில் அவள் புருஷன் ஒராத்சியோ. கால்மாட்டில் சாரோ. ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த நான் கதவருகே நின்றேன்.

"இந்தம்மா உங்க கடையில வேலை செய்யறவங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"என் கூடப்பிறந்த அக்கா சார்."

"அது சரி. வேலை செய்யறவங்களா?"

சாரோ தொப்பியைக் கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். "இல்ல சார். பின்கட்டுல வேலைக்கு ஆளே கிடையாது. எல்லாம் நான்தான். அக்கா சும்மா பாக்க வந்தா. என்ன புதுசா செய்யறேன்னு பாக்கற ஆசை அவளுக்கு."

அவள் கண் மூடியிருந்தது. காய்ச்சல் மயக்கம் என்றுதான் நினைத்தேன். அதிகாரி எழுதி முடித்துப் போனபிறகு கண்ணைத் திறந்து ஒராத்சியோவைப் பார்த்தாள்.

"தண்ணி குடு" என்றாள். 

*

ஜூன் முதல் வாரம் வரை தின்தாரா வெளியே வரவில்லை. இடது கையில் மூன்று விரல் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாரோ ஒரு தடவை கூடை நிறையப் பழத்தோடு வீட்டுக்குப் போனானாம். பழம் தின்னப்படாமல் அப்படியே அழுகிக் கோழிக்குப் போயிற்று என்று ஒராத்சியோ சொன்னார்.

அந்த வீட்டில் இன்னொரு சிக்கல். ஒரே மகள் மரிலேனா, இருபத்து நாலு வயசு, மாமன் கடையின் முன்கட்டில்தான் நின்றாள். கரண்டி பிடித்துக் கோனில் வழித்து வைக்கிற வேலை. அம்மாவுக்கு இப்படி ஆனபிறகும் போய்க்கொண்டிருந்தாள். போகாதே என்று தின்தாரா ஒரு வார்த்தை சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் ஆறு மணி. ஊரே கடற்கரைப் பக்கம் நடக்கிற நேரம். கடை வாசலில் முப்பது பேர் வரிசை. நான் ஒருவர் கழுத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் தின்தாரா வருவது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற கருநீல உடுப்பு, கைப்பை, இடது கையில் வெள்ளைக் கையுறை. நேரே வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். நான் பிரஷை வைத்துவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். நுரையோடு உட்கார்ந்திருந்தவரும் துண்டோடு எழுந்து வந்துவிட்டார்.

சாரோ பார்த்துவிட்டான். "அக்கா! நீ எதுக்கு வரிசையில நிக்கற? உள்ள வா, உள்ள வா."

"இருக்கட்டும்பா. பாக்க வந்தவ வரிசையிலதான நிக்கணும்."

வரிசை மொத்தமும் சாரோவைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆஸ்பத்திரிப் பேச்சு என் வாய் வழியாக எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, முடிவெட்டுகிறவன் வாய் அப்படித்தான்.

அவள் முறை வந்தது. மரிலேனா கரண்டியை எடுத்தாள். "என்னம்மா வேணும்?"

"புதுசு என்ன?"

"மல்லிகை."

"ஒரு கரண்டி வை."

வாயில் போட்டாள். நாங்கள் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சத்தம் போடாமல், ஆனால் கடைசி ஆள்வரை கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மல்லிகையக் காய்ச்சிருக்கான். மல்லிகையக் காய்ச்சவே கூடாது. அந்தி சாயறப்போ பறிச்சுப் பச்சத் தண்ணியில போட்டு மூடி வைக்கணும். விடிஞ்சா வடிகட்டணும். இது பூ வாசம் இல்ல. வெந்த கீரை வாசம்."

பாதிக் கரண்டியை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கைப்பையை மூடிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். ஆறு மணி, கருநீல உடுப்பு, வெள்ளைக் கையுறை. கடையின் கர்வமே அவனுக்குத் தூக்குக்கயிறாகிவிட்டது. பலகையில் தினம் இரண்டு புதிது எழுதியாக வேண்டும். அவன் எழுதினான். அவள் வந்து தின்றாள்.

"இது பாதாம் இல்ல. டப்பாவுல வர பசை. பாதாம் வறுத்தா நாக்குல பின்னாடி கசக்கும், முன்னாடி இனிக்கும். இது முன்னாடியே கசக்குது."

"ராத்திரி உருகிப்போச்சு, காலைல மறுபடி உறைய வச்சிருக்கான். கடிச்சுப் பாருங்க, பல்லுல மணல் தட்டும்."

"ரிக்கோட்டா நேத்தையது."

ஒரு நாள்கூடத் திட்டவில்லை. பொய் சொல்லவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. அவள் சொன்னபிறகு நாங்கள் தின்றால் அதேதான் தெரிந்தது. மணல் என்றால் மணல். கீரை என்றால் கீரை.

முதல் இரண்டு வாரம் சாரோவுக்குச் சந்தோஷம்தான். வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடியது. என் நாற்காலியில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா எனக்கு விளம்பரம் பண்றாடா நெல்லோ. அவளுக்குக் கோவம் எத்தன நாளு? ஆகஸ்டுல தானா வருவா."

"வர்றா இல்ல? தினம் வர்றா" என்றேன்.

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு அவன் என் கடையில் மழித்துக்கொள்ளவில்லை.

ஜூலை பிறந்ததும் கூட்டம் வேறு மாதிரி மாறியது. வரிசையில் நிற்கிறவர்கள் ஆறு மணிவரை வாங்காமல் காத்திருந்தார்கள். அவள் வந்து தின்று சொன்னபிறகுதான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு. பாதிப் பேர் எலுமிச்சை போதும் என்று போய்விடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. ஒரு ஜெர்மன்காரர் கையுறை போட்ட அந்த அம்மா அரசாங்க ஆய்வாளரா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன்.

*

ஒராத்சியோவுக்கு இடுப்பு வலி. எலுமிச்சைத் தோப்பில் முப்பது வருஷம் குனிந்து நிமிர்ந்த இடுப்பு. அதனால் மாதம் ஒரு ஞாயிறு நானே அவர் வீட்டுக்குப் போய் முற்றத்தில் வைத்து முடிவெட்டுவேன். மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

அந்த ஞாயிறு தின்தாரா முற்றத்திலேயே அடுப்பை வைத்துக் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். ஒட்டிய விரல்களால் காயை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் வட்டம் வட்டமாக நறுக்குவாள். உப்புத் தூவி, கசப்புத் தண்ணீர் இறங்கவிட்டு, பிழிந்து எண்ணெயில் போடுவாள். உதவிக்குப் போனால் முறைப்பாள்.

ஒராத்சியோ கழுத்தில் துண்டோடு உட்கார்ந்து என்னை முன்னிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"நெல்லோ, நீயாவது சொல்லேன். போதும்னு சொல்லு. ஒரு மாசமாச்சு."

"அவர வெட்டு நெல்லோ. வாய மூடிட்டு வெட்டு" என்றாள் அவள்.

"அவன் உன் தம்பிடி."

"யாரு இல்லன்னது?"

"பாவம், முகமே கறுத்துப் போச்சு. நேத்துக் கோயில்ல பாத்தேன். தூக்கமே இல்லயாம்."

"எனக்கு நல்லாத் தூக்கம் வருது."

"வழக்குப் போடுன்னு சொன்னேன். மாட்டேன்ன. வக்கீலப் பாக்கலாம்னேன். மாட்டேன்ன. இது என்ன வழிடி? தினம் போய்த் தின்னு துப்பறது?"

"வழக்குப் போட்டா என்ன ஆகும்? ஒரு வக்கீல் எழுந்து பேசுவான், இன்னொரு வக்கீல் உக்காருவான். அவன் வீட்ல தூங்குவான்." கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டாள். "நான் அவன எதும் கேக்கலயே. புதுசா என்ன செஞ்சிருக்கான்னு பாக்கறேன். அந்த ஆசை எனக்கு உண்டுன்னு அவன்தான ஆபீசருகிட்டச் சொன்னான்?"

"இப்பிடிப் பேசறத நிறுத்து."

"நீ அன்னிக்குத் தலைமாட்டுல நின்னுட்டுப் பேசாம இருந்தியே, அப்ப நீ வாய மூடினதுக்கும் சேத்து இப்ப என்னையும் மூடச் சொல்றியா?"

ஒராத்சியோ தலை குனிந்தார். நான் கத்திரியை எடுத்துவிட்டேன். காது போய்விடும்.

அந்த நேரத்தில் மரிலேனா உள்ளிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. தட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா. நாளைக்கு வராத."

"ஏன், கடை லீவா?"

"உனக்குக் கரண்டி நீட்டறது நான்மா. மாமா இல்ல, நான். தினம் ஊரே என் கையப் பாக்குது."

"நீ நீட்டாத. அவன நீட்டச் சொல்லு."

"அதுக்கில்லமா..." மேஜைத் தட்டை நகர்த்தி வைத்தாள். "ஒண்ணு சொல்லணும். சொன்னா அடிக்கக் கூடாது."

"எனக்கு அடிக்க ஒரு கைதான் இருக்கு. சொல்லு."

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப மாமா ஒரு காகிதம் குடுத்தார். நீ அங்க வேலை செய்யல, பாக்கத்தான் வந்தன்னு. சாட்சி வேணும்னார். கையெழுத்துப் போடலன்னா கடைய இழுத்து மூடிருவாங்க, எல்லாரும் தெருவுல நிப்போம்னார். நான்... போட்டுட்டேன்."

  ஒராத்சியோ பாதி வெட்டிய தலையோடு எழுந்து மகளிடம் போனார். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தோளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

தின்தாரா கடைசித் துண்டை எண்ணெயிலிருந்து எடுத்துக் காகிதத்தில் வடியவைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

"ஆறிடும். சாப்பிட உக்காருங்க" என்றாள்.

*உக்காருங்க* என்றது எங்கள் மூவருக்கும் பொதுவாகச் சொன்னது என்று நினைத்தேன். மேஜையில் தெரிந்தது. "ரொட்டி வேணுமா உங்களுக்கு?" என்று மகளைப் பார்த்துக் கேட்டாள். பெற்ற மகளை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல. மரிலேனா வாயில் வைத்ததை விழுங்கவில்லை.

மறுநாள் கடையிலும் அதேதான். "வணக்கம்ங்க. புதுசு என்ன வச்சிருக்கீங்க? ஒரு கரண்டி குடுங்க." மூன்று வாரம் அப்படி. வீட்டிலும் வீதியிலும் 'நீங்க'. நான் நிறையப் பேர் கழுத்தில் கத்தி வைத்தவன். அவ்வளவு கூர்மையாக எந்தக் கத்தியையும் தீட்டியதில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். சில நாட்களில் அவள் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். முதலில் சலித்துவிட்டாள் என்று நினைத்தோம். அந்த நாட்களில் நான் வாங்கித் தின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. கறுப்பு மல்பெரிப் பழத்தில் ஒன்று, எள்ளும் தேனும் ஒன்று. டப்பா வாசம் இல்லை, மணல் இல்லை. காலையில் பின்சந்தில் மறுபடி செருப்புச் சத்தம் கேட்பதாக என் மனைவி சொன்னாள். எழுந்து, கடைக்கு மேலிருக்கும் எங்கள் வீட்டு ஜன்னலில் பார்த்தேன். ஐந்து மணி. மரிலேனா.

இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். பழைய கொப்பரையில்தான் காய்ச்சிக்கொண்டிருந்தாள். குழாயில் புதிதாக ஒரு துணி சுற்றியிருந்தது.

தின்தாராவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துச் சொன்னேன். "தெரியும்" என்றாள். "நாக்கு என்னுதுதான." பிறகு கேட்டாள்: "அந்த ஆபீசரு பெல்லோமோ உன்கிட்டத்தான முடி வெட்டிக்கறாரு?"

"ஆமா, இந்தக் கோடையிலருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வர்றாரு."

"பண்டிகைக்குக் குடும்பத்தோட வரச் சொல்லு. அன்னிக்கு சாரோ கடையில விசேஷமா ஒண்ணு போடுவான், தவற விடக்கூடாதுன்னு சொல்லு. ஆறு மணிக்கு."

"என்ன பண்ணப் போற?"

"நான் என்ன பண்ணுவேன்? பாக்க வரேன்."

*

எங்கள் ஊர்ப் புனிதைக்குப் பண்டிகை ஆகஸ்ட் முதல் ஞாயிறு. தெருவுக்குக் குறுக்கே விளக்குத் தோரணம், பேண்டு வாத்தியம், வறுத்த கடலை வண்டி. அன்று அனல் காற்று. சுவரைத் தொட்டால் சுட்டது. சாரோ வாசலில் மேடை போட்டு மைக் வைத்திருந்தான். பலகையில் ஒரே ஒரு வரி: *புனிதையின் பால்*. என்னென்ன சேர்ந்தது என்று எழுதவில்லை.

நான் முன்னாலேயே போய் வாங்கிவிட்டேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. நாக்கில் வைத்ததும் பாதாம் பால். அதற்கடியில் தேங்காய் மாதிரி ஒன்று, ஆனால் தேங்காயின் கனம் இல்லை, பச்சை வாசம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கூட்டத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்தி நின்று தின்றார்கள். பெல்லோமோ மனைவி, இரண்டு பெண்களோடு ஓரமாக நின்று தின்றுகொண்டிருந்தார்.

சாரோ மைக்கைப் பிடித்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய சிரிப்பு. "அப்பா கனவுல வந்தார். புனிதைக்குப் பால் குடுடா மகனேன்னார்..."

ஆறு மணி. கூட்டம் தானாக வழிவிட்டது. தின்தாரா வந்தாள்.

மரிலேனா நீட்டிய கரண்டியை வாங்கி வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள்.  சாரோ மைக்கை இறக்கிவிட்டான்.

"நல்லாருக்கு" என்றாள்.

கூட்டம் கை தட்டியது. சாரோ பாய்ந்து மேடையிலிருந்து இறங்கினான். கையை விரித்து, "அக்கா!" என்றான். கட்டிக்கொள்ள வந்தான். அவள் ஓரடி பின்னால் வைத்தாள்.

"யாருப்பா செஞ்சது?"

"நான்தான்க்கா. வேற யாரு?"

"தேங்காய் மாதிரி ஒரு வாசம் வருதே."

"தேங்காய்தான். நல்ல தேங்காயாப் பாத்துத் துருவி..."

"எத்தன தேங்கா?"

"ஒரு... ஆறு."

"பால எடுத்து ஊத்தினியா, துருவலப் போட்டு வடிகட்டினியா?"

"துருவல... பால எடுத்து..."

அவள் கரண்டியில் மிச்சமிருந்ததைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். "இதுல தேங்காயே இல்ல. ஒரு துண்டு இல்ல. செஞ்சவனுக்கே தெரியல இதுல என்ன இருக்குன்னு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். சாரோவின் கழுத்து சிவந்தது. "என்ன விளையாட்டு இது? பண்டிகை நாளும் அதுவுமா..."

தின்தாரா அவன் பக்கம் திரும்பவேயில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அந்த வார்த்தை வந்தது.

"நீ சொல்லுடி. இதுல என்ன போட்ட?"

மரிலேனா மாமனைப் பார்த்தாள். மாமன் தலையை மெதுவாக ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் கையைத் துடைத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை.

"நீ செஞ்சியா, இல்ல நீயும் சும்மா பாக்க வந்தவளா?" என்றாள் தாய்.

"அத்தி இலை" என்றாள் மரிலேனா. குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள், இப்போது சத்தமாக: "அத்தி இலை. வாடவச்சுச் சூட்டோட பாதாம் பாலுல முக்கி, மூடி, கால் மணி நேரத்துல எடுத்துடணும். காலைல அஞ்சு மணிக்கு நான் செஞ்சேன். மூணு வாரமா நான்தான் செய்யறேன். அம்மா நின்ன இடத்துல. அம்மா கையச் சுட்ட அதே கொப்பரையில. குழாய் இன்னும் ஒழுகுது." கூட்டத்தில் தேடினாள். பெல்லோமோவைக் கண்டுபிடித்தாள். "சார், நான் போட்ட கையெழுத்துப் பொய். எங்கம்மா இருபத்திரண்டு வருஷம் இங்க வேலை செஞ்சா. பொய்க்கு எனக்கு என்ன தண்டனையோ குடுங்க."

பெல்லோமோ கையிலிருந்த கோப்பையைத் தன் பெண்ணிடம் கொடுத்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "பின்கட்டப் பாக்கணும். இப்பவே" என்றார்.

மரிலேனா ஏப்ரனை அவிழ்த்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அம்மா கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஊரும் எதிர்பார்த்தது. தின்தாரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இலைய நாலு நிமிஷம் அதிகமா விட்டுட்ட" என்றாள். "வீட்டுக்குப் போ. அப்பா பசியோட இருப்பார்."

மகளுக்கு உண்மையைச் சொல்ல ஒரு வழி திறந்துவிட்டாளா, அல்லது தம்பியை அடிக்க மகளைக் கல்லாக எடுத்து எறிந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிகாரியை அழைத்தவன் நான். அதனால் அந்தக் கேள்வியை நான் அதிகம் கிளறுவதில்லை.

*

கொப்பரைக்கு முத்திரை வைத்தார்கள். பின்கட்டையே பூட்டினார்கள். மரிலேனாவைக் கூப்பிட்டு எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். செப்டம்பரில் தின்தாராவுக்கு ஒரு கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் அவள் அந்தக் கடையின் தொழிலாளி என்று முத்திரையோடு எழுதியிருந்தது. ஒராத்சியோ அதைத் தெருவெல்லாம் காட்டினார். அவள் ஒரு தடவை படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இருக்கு, என் பேர்ல" என்றாள்.

ஊர் சாரோவை விட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் தெரிந்தே தின்றவர்கள் எல்லாருக்கும் திடீரென்று கோபம் வந்துவிட்டது. அவரவர் பங்கு வெட்கத்தையும் சேர்த்து அவன் தலையில் கொட்டிவிட்டார்கள். டிவிப் படத்தை அவனே கழற்றினான். முன்கட்டில் கையால் சுற்றுகிற ஒரு சின்ன இயந்திரம் மட்டும் மிஞ்சியது. அதில் எலுமிச்சை மட்டும் போட்டான்.

இதோடு தின்தாரா நிறுத்திவிடுவாள் என்று நாங்கள் நினைத்தோம். மரிலேனா கெஞ்சினாள், எலுமிச்சைத் தோப்புக் கொட்டகையில் நாம் சின்னதாக ஒரு கடை போடலாம், நீ வந்து நில்லும்மா என்று. "போடு. நான் வரேன். ஆனா ஆறு மணிக்கு எனக்கு வேலை இருக்கு" என்றாளாம்.

அக்டோபரில் ஒரு நாள் மழை. தெருவில் ஆள் இல்லை. சாம்பலும் மழையும் சேர்ந்து சாக்கடையில் கறுப்பாக ஓடியது. நான் கடைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன். சரியாக ஆறு மணிக்குக் குடையோடு வந்தாள். வரிசை இல்லாத வாசலில் நின்றாள். நானும் பழக்க தோஷத்தில் போய்ப் பின்னால் நின்றேன்.

சாரோவுக்கு வெள்ளைக் கோட்டு இல்லை. இளைத்து, முடி காதில் விழுந்து, அவனைப் பார்க்க அவர்கள் அப்பாவைப் போலவே இருந்தது.

"புதுசு என்ன?" என்றாள்.

"எலுமிச்ச மட்டும்தான்க்கா."

"வை."

அவனே வழித்து வைத்தான்.  அவள் நின்றபடியே முழுவதையும் தின்றாள், ஒரு துளி விடாமல். மழை குடையில் விழுந்துகொண்டிருந்தது. என்ன சொல்லப் போகிறாள் என்று அவன் பெட்டியைப் பிடித்தபடி காத்திருந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போதுமாக்கா?" என்று கேட்டான்.

அவள் காலிக் கோப்பையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒட்டிய விரல்களாலேயே கோப்பையைப் பிடித்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இன்னொரு கரண்டி வை" என்றாள்.